நிலம் கிடைத்த பிறகு

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அயர்லாந்தின் சிறு விவசாயக் கிராமம். குறிப்பாக அந்நாட்டின் மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள மேயோ, கிளேர், லீட்ரிம், டோனகல் போன்ற மாவட்டங்களின் கிராமம். முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தெருவும், தெருவை ஒட்டிய வீடுகளும், ஊரைச் சுற்றி வயலும்தான் நம் மனத்தில் வந்து நிற்கும். அங்கே அப்படியில்லை. ஒரு நாற்சந்தி. அதில் ஒரு தேவாலயம், இரண்டு ஆசிரியர்கள் நடத்தும் பள்ளிக்கூடம், தபால் நிலையத்தையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரு மளிகைக்கடை, ஒன்றிரண்டு மதுக்கடைகள், சற்றுத் தள்ளி ஒரு விளையாட்டுத் திடல். விவசாயிகளில் பெரும்பாலோர் அங்கே குடியிருப்பதில்லை. ஒன்றிரண்டு மைல் தள்ளித் தங்கள் சொந்த நிலத்துக்கு நடுவே, அடுத்த வீட்டுப் புகை தெரிந்தாலும் கூப்பிட்ட குரல் எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள். அந்த நிலப்பரப்பு டவுன்லேண்ட் எனப்படும் சிறு பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கிறது. தீவு முழுவதும் அப்படி 60,000-க்கு மேல் இருக்கின்றன. பல டவுன்லேண்டுகள் சேர்ந்து ஒரு பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தின் எல்லை; பங்கின் நடுவே அந்த நாற்சந்தி. ஆக, அங்கே ஊர் என்பது சிதறிக் கிடக்கும் வீடுகளும் அவற்றில் இருப்பவர்களை ஓரிடத்துக்கு வரவழைக்கும் நாற்சந்தியும் சேர்ந்ததுதான். என் வாதம் முழுவதும் இந்த அமைப்பைச் சார்ந்தது.

இந்த ஊர்கள் எப்படிக் காலியாயின என்பதற்கு லீட்ரிம் மாவட்டம் ஒன்றே போதும். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே சுமார் 1,55,000 பேர் இருந்தார்கள். 1996-ல் எஞ்சியவர்கள் 25,000 பேர். தீவு முழுமைக்கும் பார்த்தால் 1841-ல் 81 லட்சத்துக்கு மேல். இன்று குடியரசான தெற்கையும் பிரிட்டனோடு சேர்ந்த வடக்கையும் கூட்டினாலும் எழுபது லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. இதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் சொல்லும் விடை ஒன்றுண்டு. 1845-ல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவினர் கப்பல் ஏறினார்கள், நிலக்கிழார்கள் மிச்சமிருந்தவர்களை வெளியேற்றினார்கள் என்பது அந்த விடை. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பஞ்சம் 1852 வாக்கில் ஓய்ந்துவிட்டது. தெற்கு அயர்லாந்தின் மக்கள்தொகையோ 1961 வரை, ஏறத்தாழ ஒவ்வொரு கணக்கெடுப்பிலும், குறைந்துகொண்டே வந்து 28 லட்சத்தில் போய் நின்றது. அதற்குள் நாடு விடுதலை பெற்று நாற்பது ஆண்டு ஓடிவிட்டது. நிலம் நிலக்கிழாரிடமிருந்து விவசாயிக்குக் கைமாறி அதைவிட அதிகக் காலம் ஆகிவிட்டது. நான் முன்வைப்பது இதுதான்: அயர்லாந்தில் உழுதவனுக்கு நிலம் கிடைத்தது, கிடைத்த பிறகும் ஊர் கரைந்தது. ஒரு வகையில் அது கிடைத்த விதமே ஊரைக் கரைத்தது. நிலவுரிமை காத்தது குடும்பத்தை. ஊரைக் காக்கிற வேலையைச் செய்தவை நாற்சந்தியில் இருந்த பொது அமைப்புகள்.

பஞ்சத்துக்கு முந்தைய மேற்கு அயர்லாந்தில் சிதறிய வீடுகள் இருந்த அளவுக்குக் குவிந்த குடியிருப்புகளும் இருந்தன. உறவினர்களான பத்து இருபது குடும்பங்கள் நெருக்கி வீடு கட்டிக்கொண்டு, நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து, நல்ல மண்ணிலும் மட்டமான மண்ணிலும் ஆளுக்குச் சில துண்டுகள் என்று பிரித்துப் பயிரிட்டார்கள். மலைச்சரிவு பொது மேய்ச்சல். ரண்டேல் என்று இந்த முறைக்குப் பெயர். மகன்களுக்கு மணமாகும்போது தகப்பன் தன் துண்டையே மேலும் கூறுபோட்டுக் கொடுத்தார். ஓர் ஏக்கர் உருளைக்கிழங்கு ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பிய வரை இது நடந்தது. கிழங்கு போனதும் முறையும் போனது. அதற்கு நோய் மட்டும் காரணமில்லை. 1847-ல் வந்த சட்டப் பிரிவு ஒன்று கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் இல்லை என்றது. சோறு வேண்டுமானால் நிலத்தை விடு என்பதுதான் அதன் பொருள். அகில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடியில் கூரையற்ற கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் பார்த்து இதுதான் அயர்லாந்தின் ஆதி கிராமம் என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பேருந்திலிருந்து பார்த்து ரசிக்கும் கல்வேலியிட்ட வயல்களும் தனித்தனி வீடுகளும் அதற்கு மாற்றாகப் பின்னால் வந்தவை என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1891-ல் அமைக்கப்பட்ட நெரிசல் மாவட்ட வாரியம் பல இடங்களில் பழைய கூட்டு நிலத்தை அளந்து, நீள நீளப் பட்டைகளாக வெட்டி, பட்டைக்கு ஒரு வீடு வைத்தது. மேயோ கடற்கரைக்கு அப்பால் உள்ள கிளேர் தீவை 1895-ல் விலைக்கு வாங்கி அது செய்த வேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நிலம் கைமாறிய கதை பெருமைக்குரியதுதான். 1870-ல் விவசாயிகளில் நூற்றுக்கு மூன்று பேரிடம்கூடச் சொந்த நிலம் இருந்ததா என்பது ஐயம். 1879-ல் மேயோவில் மைக்கேல் டேவிட் தொடங்கிய நிலச் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினர் பார்னெல் தலைமையில் நாடெங்கும் பரவியது. குத்தகைப் பணம் கொடுக்க மறுப்பதும், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்தவனோடு ஊரே பேச்சை நிறுத்துவதும் அதன் ஆயுதங்கள். 1881 சட்டம் நியாயக் குத்தகையையும் குத்தகை உறுதியையும் தந்தது. 1903-ன் விண்டம் சட்டம் பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் நிலக்கிழாருக்கு விலை கொடுத்து, அதைக் குத்தகைதாரர் 68½ ஆண்டுகளுக்குக் கிஸ்தியாகத் திருப்பிக் கட்ட வழிசெய்தது. பழைய குத்தகையைவிடக் கிஸ்தி குறைவு என்பதால் வாங்கத் தயங்கியவர் சிலரே. 1920களின் முடிவில் பழைய விகிதம் தலைகீழாகிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொந்த நிலக்காரர்கள். இந்தக் கிஸ்தியை லண்டனுக்கு அனுப்ப மாட்டேன் என்று 1932-ல் ஆட்சிக்கு வந்த டி வலேரா நிறுத்திக்கொண்டார். பதிலுக்கு பிரிட்டன் அயர்லாந்துக் கால்நடைகளுக்கு வரி போட்டது. ஆறு ஆண்டு வர்த்தகப் போருக்குப் பிறகு ஒரு கோடி பவுண்டில் கணக்கு தீர்ந்தது. விவசாயிக்கு அரசு கிஸ்தியைப் பாதியாகக் குறைத்ததே தவிர முழுதாக விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, சொந்த நிலம் வந்ததும் குடும்பத்துக்குள் என்ன நடந்தது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆரன்ஸ்பெர்க், கிம்பால் என்ற இரு மானிடவியலாளர்கள் 1930களில் கிளேர் மாவட்டத்தில் தங்கி இதைத்தான் ஆராய்ந்தார்கள். பண்ணை ஒரே மகனுக்குப் போகும். அது மூத்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தகப்பன் கைகாட்டுபவன். அவனுக்கு மணமாகிறபோது வரும் பெண்ணின் சீதனம் அவன் தங்கைகளில் ஒருத்தியின் சீதனமாக வெளியே போகும். வயதானவர்கள் வீட்டின் மேற்கு அறைக்கு ஒதுங்குவார்கள். மற்ற பிள்ளைகள் பாஸ்டனுக்கோ, நியூயார்க்குக்கோ, பிறகு பர்மிங்காமுக்கோ போவார்கள். அமெரிக்காவுக்குப் புறப்படுகிறவருக்கு முதல் நாள் இரவு சாவு வீட்டில் கண்விழிப்பது போலவே ஊர் கூடிக் கண்விழித்த வழக்கமும் உண்டு. நிலத்தை விட்டுக்கொடுக்கத் தகப்பனுக்கு மனம் வருகிறவரை வாரிசு காத்திருக்க வேண்டும். ஆகவே நாற்பதிலும் மணமாகாதவர்கள் சாதாரணம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் 45 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மணமே ஆகியிருக்கவில்லை. பாட்ரிக் காவனா 1942-ல் வெளியிட்ட நெடுங்கவிதை அப்படிப்பட்ட ஒரு விவசாயியின் வறண்ட வாழ்க்கையைப் பற்றியது. மறு ஆண்டு புனித பாட்ரிக் திருநாளன்று டி வலேரா வானொலியில் குழந்தைகளும் விளையாட்டும் நிறைந்த கிராமங்களைப் பற்றிய தம் கனவைப் பேசினார். நாட்டின் கணக்கெடுப்பு காவனாவின் பக்கமே நின்றது. பண்ணை உடையாமல் கைமாறியது. அதற்கு ஒவ்வொரு தலைமுறையிலும் மூன்று நான்கு பிள்ளைகளை ஊர் விலையாகக் கொடுத்தது. பெண்கள் ஆண்களுக்குச் சமமான எண்ணிக்கையில், பெரும்பாலும் தனியாகவே, கப்பல் ஏறினார்கள். அன்றைய ஐரோப்பாவில் இது அபூர்வம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒரே வாரிசு என்ற வழக்கத்தைப் பஞ்சத்தின் பயம் கற்றுக்கொடுத்தது, சொந்த நிலம் வருவதற்கு முன்பே அது பரவத் தொடங்கிவிட்டது, அதைச் சட்டத்தின் தலையில் கட்டலாமா என்று கேட்கலாம். பரவத் தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனால் வழக்கமாக இருந்ததைச் சட்டம் பூட்டுப் போட்டு நிலைக்க வைத்தது. கிஸ்தி பாக்கியுள்ள நிலத்தை, நிலக் கைமாற்றத்தைக் கவனித்த அரசு அமைப்பான நில ஆணையத்தின் அனுமதியில்லாமல் கூறுபோட முடியாது. தவிர, குத்தகைதாரனுக்கு இல்லாத ஒன்று சொந்தக்காரனுக்கு வந்தது. அது இழப்பதற்கான சொத்து. அண்ணன் தம்பிகளைச் சமமாக நடத்தப் போய்ப் பண்ணையை உடைத்தவன் என்ற பெயரை யார் எடுப்பார்? இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பண்ணைகள் மிகச் சிறியவை, பத்துப் பதினைந்து ஏக்கர் சதுப்பு நிலத்தில் எந்த அமைப்பு இருந்தாலும் யாரும் பிழைக்க முடியாது, அளவுதான் சிக்கல் என்பது அது. அளவு சிக்கல்தான். ஆனால் பெரிய பண்ணைகள் வந்தால் ஊர் தங்கும் என்று அதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. இன்று தெற்கு அயர்லாந்தில் உள்ள பண்ணைகள் சுமார் 1,35,000. சராசரி அளவு 33 ஹெக்டேர். ஒரு நூற்றாண்டுக்கு முன் நினைத்தும் பார்த்திருக்க முடியாத அளவு. பண்ணை வளர்ந்த ஒவ்வொரு முறையும் பக்கத்து வீடு ஒன்று பூட்டப்பட்டது. அளவைக் கூட்டுவது விவசாயத்துக்கு மருந்தாகலாம், ஊருக்கு அது மருந்தாகவில்லை.

ஊரை எது தாங்கியது என்று பார்க்க 1889-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு லிமெரிக் மாவட்டத்து டிரம்கொலஹர் என்ற சிற்றூரில் அயர்லாந்தின் முதல் கூட்டுறவுப் பாலாலை தொடங்கியது. பின்னணியில் இருந்தவர் ஹொரஸ் பிளங்கெட். பிரபு குடும்பத்தவர், புராட்டஸ்டண்ட், அரசியலில் விடுதலைக்கு எதிரணி. அவரோடு தோள் கொடுத்தவர் டாம் ஃபின்லே என்ற இயேசு சபைப் பாதிரியார். இப்படி ஓர் இணை வேறெதிலும் அமைந்திருக்காது. பாலாலையின் தேவை மிக எளிய ஒரு கணக்கிலிருந்து வந்தது. அதுவரை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் பாலைத் தட்டில் ஊற்றி வைத்து, ஆடை படிந்ததும் கடைந்து வெண்ணெய் எடுத்தாள். தரம் வீட்டுக்கு வீடு மாறியது. லண்டன் சந்தையில் டென்மார்க் வெண்ணெய் வென்றது. சுழன்று பாலேட்டைப் பிரிக்கும் புதிய இயந்திரம் நல்ல வெண்ணெய் தரும், ஆனால் ஆறு மாடு வைத்திருப்பவரால் அதை வாங்க முடியாது, வாங்கினாலும் அதற்குப் போதிய பால் இருக்காது. நூறு வீட்டுப் பால் ஒன்றாக வந்தால்தான் இயந்திரம் ஓடும். ஆகவே தினமும் காலையில் கழுதை வண்டியிலும் குதிரை வண்டியிலும் பால் கேன்கள் நாற்சந்திக்கு வந்தன. வெண்ணெய் எடுத்த பால் கன்றுக்கும் பன்றிக்கும் திரும்பிப் போனது. மாதம் ஒருமுறை பால் காசோலை. விதையும் உரமும் அங்கேயே காசோலையில் கழித்துக்கொள்ளும் கணக்கில் கிடைத்தன. வட்டிக்கும் கடனுக்கும் ஊரைப் பிடித்து வைத்திருந்த கடைக்காரர்கள் இதை எதிர்த்ததில் வியப்பில்லை. டோனகலில் டங்லோ அருகே பாட்ரிக் கலகர் 1906-ல் தொடங்கிய டெம்பிள்குரோன் கூட்டுறவுச் சங்கம் அவர்களோடு நேரடியாகவே மோதியது. அது இன்றும் இயங்குகிறது. விடுதலைப் போரில், 1920-ல், பிரிட்டிஷ் படைகள் பழிவாங்கத் தேர்ந்தெடுத்துக் கொளுத்திய கட்டடங்களில் பாலாலைகள் பல. ஊரின் உயிர்நிலை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாலாலைகள் அடர்ந்திருந்தது தீவின் தென்பகுதி மாவட்டங்களில்தான். மேற்கின் பல பகுதிகளில் விவசாயி இளங்கன்றுகளை வளர்த்து, வருடத்தில் சில முறை சந்தையில் கிழக்கத்திப் பெரும்பண்ணைக்காரர்களுக்கு விற்றார். அங்கே தினசரிக் கூடுகை இல்லை. மக்கள் மிக வேகமாக வெளியேறிய பகுதிகளில் அவையும் அடங்கும் என்பது என் வாதத்துக்கு எதிரானதல்ல, ஆனால் மண்ணின் வறுமையையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். அங்கே நாற்சந்தியைத் தாங்கியவை வேறு. மரபு விளையாட்டுகளுக்காக 1884-ல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் பங்குக்கு ஓர் அணி என்ற அடிப்படையில் வளர்ந்தது. 1946-ல் கிராம மின்மயமாக்கம் தொடங்கியபோது மின்வாரியம் பங்கு அளவிலான பகுதியையே அலகாக வைத்தது. போதுமான வீடுகள் கையெழுத்திட்டால் அந்தப் பகுதிக்கு முதலில் கம்பி வரும். ஆக, பங்குத் தந்தையும் ஆசிரியரும் நாட்டுப்புறப் பெண்கள் சங்கத்தினரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கட்டண பயத்தில் பின்வாங்கியவர்கள் ஏராளம். அவர்களை மறுபடியும் வழிக்குக் கொண்டுவருவது ஊர்க்குழுவின் வேலை. 1950களின் இறுதியிலிருந்து குழாய்த் தண்ணீரும் இதே வழியில் வந்தது. சில வீடுகள் சேர்ந்து சங்கம் அமைத்து, அரசு மானியத்தோடு தங்கள் பங்கைப் போட்டு, தாங்களே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். இந்தத் தண்ணீர்ச் சங்கங்கள் பல இன்றும் அந்த வீட்டுக்காரர்களின் உடைமையாகவே ஓடுகின்றன. டோனகலின் கிளென்கொலம்கில்லுக்கு 1951-ல் வந்த ஜேம்ஸ் மக்டையர் என்ற பாதிரியார் மின்சாரம், சாலை, தண்ணீர், காய்கறி பதனிடும் கூட்டுறவு என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செய்தார். அவருடைய முயற்சிகளில் சில நொடித்துப்போயின. ஆனால் எதுவுமே நிலத்தை மறுபடி பங்கிடுவதைப் பற்றியதல்ல என்பதைக் கவனியுங்கள்.

இதைச் சொன்னதும், நீங்கள் நாற்சந்தியைப் பூசித்துவிட்டீர்கள், அது ஒரு சிறையுங்கூட என்று கேட்பவர் இருப்பார்கள். அவர்கள் சொல்வதில் நிறைய உண்மை உண்டு. பங்குத் தந்தையின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத ஊரில் தவறியவர் என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணுக்கு இடம் இருக்கவில்லை. கூலித் தொழிலாளி நிலச் சங்கத்தின் ஊர்வலங்களில் நடந்தான். நிலம் பங்கானபோது அவனுக்குக் கிடைத்தது தொழிலாளர் சட்டங்களின் கீழ் கட்டப்பட்ட ஒரு குடிசையும் ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ தோட்டமும். ஆரன்ஸ்பெர்க்கும் கிம்பாலும் கிராமத்தை மிகவும் இசைவானதாக வரைந்துவிட்டார்கள் என்று 1970களில் அவர்கள்மேல் கடுமையான விமர்சனம் எழுந்ததும் நியாயமே. ஆனால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை நிலவுரிமை உருவாக்கிய படிநிலையிலிருந்தே வந்தவை. பத்து மாட்டுக்காரரும் இரண்டு மாட்டுக்காரரும் ஒரே வரிசையில் நின்றது பாலாலை வாசலில். கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. பாதிரியாரின் அதிகாரம் குறைந்த பிறகும் தண்ணீர்ச் சங்கம் ஓடுகிறது. அமைப்பையும் அதை ஆண்ட கையையும் பிரித்துப் பார்க்க முடியும்.

என் கூற்றுக்கு மிக வலுவான சான்று மீத் மாவட்டத்தில் இருக்கிறது. 1935-ல் மேற்கிலுள்ள கொனமாராவின் பாறைக் கடற்கரையிலிருந்து 27 குடும்பங்களை நில ஆணையம் கிழக்கே கொண்டுபோய், ராத் கார்ன் என்ற இடத்தில் வளமான புல்வெளியில் குடியேற்றியது. குடும்பத்துக்கு ஒரு வீடு, சுமார் 22 ஏக்கர், கருவிகள், கால்நடை. இரண்டு ஆண்டுக்குப் பின் மேலும் சில குடும்பங்கள் வந்தன. அவர்கள் பேசியது ஐரிஷ் மொழி, சுற்றிலும் ஆங்கிலம். அதே மாவட்டத்தில் கிப்ஸ்டவுனில் 1937-ல் இன்னொரு குடியேற்றம் நடந்தது. அங்கே வந்தவர்கள் வெவ்வேறு மாவட்டங்களின் ஐரிஷ் பேசும் பகுதிகளிலிருந்து கலந்து வந்தவர்கள். நிலம் தந்தது ஒரே ஆணையம், ஏறக்குறைய ஒரே முறையில். ஆனால் ராத் கார்னில் மொழியும் ஊர்க்கட்டும் கிப்ஸ்டவுனைவிட வெகு உறுதியாக நிலைத்தன. ஒரே கடற்கரையிலிருந்து உறவும் பேச்சு வழக்கும் சிதையாமல் வந்தது ஒரு காரணம். வந்த பிறகு போராடியது மற்றொன்று. 1967-ல்தான் அரசு அந்த ஊரை ஐரிஷ் மொழிப் பகுதியாக ஏற்றது, அதுவும் ஊர்மக்கள் விடாமல் கேட்டதால். பிறகு அவர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்தார்கள். 22 ஏக்கர் இன்று ஒரு குடும்பத்துக்குப் போதாது. அங்கே பலர் வேலைக்கு வெளியே போகிறார்கள். ஊர் இருக்கிறது.

மற்ற இடங்களில் நாற்சந்தி எப்படி வெறுமையானது? 1960களிலிருந்து சிறு கூட்டுறவுகள் பெரியவற்றோடு இணைந்தன. பண்ணை வாசலுக்கே டேங்கர் லாரி வந்து பாலை எடுத்துப்போனது. யாரும் இதைச் சதி என்று சொல்ல முடியாது. குளிரூட்டிய தொட்டி நல்லது, பால் கெடாது. ஆனால் விவசாயி காலையில் நாற்சந்திக்கு வர வேண்டிய தேவை போய்விட்டது. 1986-ல் கெர்ரி கூட்டுறவு தன்னைப் பங்குச் சந்தை நிறுவனமாக மாற்றிக்கொண்டு உலகளவில் வளர்ந்தது. உறுப்பினர் கையில் வாக்குக்குப் பதில் பங்கு மதிப்பு வந்தது. அதை விற்று வீடு கட்டியவர்கள் அதிர்ஷ்டசாலிகளே. 2018-ல் சுமார் 160 தபால் நிலையங்களை மூட அறிவிப்பு வந்தது. பல தேவாலயப் பங்குகளில் விளையாட்டு அணிக்குப் பதினைந்து பேர் சேராமல் பகை அணியோடு இணைய வேண்டியிருக்கிறது. அதன் வலி அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கெல்லாம் பதிலாக இன்று ஒரு நம்பிக்கைக் குரல் கேட்கிறது. லீட்ரிமின் மக்கள்தொகை 1996-க்குப் பிறகு ஏறி, 2022-ல் 35,000-ஐத் தாண்டிவிட்டது, இணையம் வந்துவிட்டது, வீட்டிலிருந்தே வேலை, பிறகு என்ன கவலை என்கிறது அது. ஏற்றம் உண்மை, மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதே மாவட்டத்தில் பூட்டிய வீடுகளின் விகிதம் நாட்டிலேயே மிக அதிகம். பண்ணைக்காரர்களில் மூன்றில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர் என்பது நாடு தழுவிய நிலை. வாரிசு டப்ளினிலோ சிட்னியிலோ இருக்கிறார். பெரியவர் காலமானதும் நிலம் ஊசியிலை மரத் தோப்புக்குப் போகிறது. லீட்ரிம்காரர்கள் இந்தத் தோப்புகளை எதிர்த்துச் சங்கம் கட்டியிருக்கிறார்கள். பத்திரம் சுத்தமாக இருக்கிறது, வரி கட்டப்படுகிறது, நிலத்தில் முதலீடு நடக்கிறது, அங்கே வசிக்க ஒருவரும் இல்லை. பூட்டிய வீட்டைப் புதுப்பிக்க அரசு 2023 முதல் 50,000 யூரோ வரை, இடிந்ததற்கு அதற்கும் மேல், மானியம் தருகிறது. அந்த வீட்டுக்கு வருகிறவர் காரில் ஏறி ஐம்பது மைல் தள்ளி வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவராக இருந்தால், நில ஆணையம் செய்ததையே வேறு பெயரில் நாம் மறுபடி செய்கிறோம்: குடும்பத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு பத்திரம். நாற்சந்திப் பள்ளியின் இரண்டாவது ஆசிரியர் பணியிடம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கையையும், தண்ணீர்ச் சங்கத்தின் கணக்கை எழுத ஓர் ஆள் இருக்கிறாரா என்பதையும், அணிக்குப் பதினைந்து பேர் தேறுகிறார்களா என்பதையும் பார்த்துவிட்டு அந்தப் பணத்தை எங்கே, யாருக்கு, எந்த நிபந்தனையில் தருவது என்று அதிகாரிகள் முடிவு செய்தால் நல்லது.